மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு கைப்பிடி இலவம் பஞ்சும்

நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாக்குவம் கிளீனர் பதினெட்டு நிமிஷம் நிற்காமல் ஓடியது. அடுக்களைக் கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஹால், இரண்டு அறை, மாடிப்படி எல்லாம் முடிந்து, மொட்டைமாடிக் கதவு வரைக்கும் போய்விட்டுத்தான் பேட்டரி ஓய்ந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரத்திலிருந்து இது மூன்றேகால் நிமிஷத்துக்கு மேல் ஓடியதே கிடையாது. நடுவில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயும் போயின. அதில் பாதிக்கு மேல் நானே தேடிக்கொண்ட செலவு. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இது நிற்கவைத்துத் தள்ளுகிற மெலிசு வகை, வயர் கிடையாது. 2022 ஆடித் தள்ளுபடியில் 7,999 ரூபாய்க்கு வாங்கினேன். தூசி சேருகிற குப்பி அரை லிட்டர், மோட்டார் 150 வாட், பேட்டரி 21.6 வோல்ட். மதுரை திருநகரில் எங்கள் வீடு பழைய வீடு. ஹாலில் சிவப்பு ஆக்சைடு தரை, பின்னால் கட்டிய அறைகளில் டைல்ஸ். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 71 வயது, முட்டி மடங்காது. எனக்கு எட்டரைக்கு பஸ். குனிந்து பெருக்க ஆளில்லாத வீட்டில் இது வந்து சேர்ந்தது இப்படித்தான். அத்தை இதற்கு வைத்த பெயர் 'உறிஞ்சி'.

நோய் என்னவென்றால், வேகத்தைக் கூட்டிவைத்து ஓட்டினால் முதல் நாற்பது விநாடி ஒழுங்காக ஓடும். பிறகு சத்தம் ஏறி இறங்க ஆரம்பிக்கும். மூச்சு வாங்குகிற மாதிரி 'வ்வூ... வ்வூ...' என்று விட்டு விட்டு இழுக்கும். சிவப்பு விளக்கு மூன்று தடவை சிமிட்டும். நின்றுவிடும். பத்து நிமிஷம் ஆறவிட்டால் மறுபடி நாற்பது விநாடி.

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த தம்பி பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். திறக்கவில்லை, குப்பியைக்கூடக் கழற்றவில்லை. "பேட்டரி போயிருச்சு மேடம். புதுசு 3,800 ஆகும்" என்றார். பாதி விலைக்குப் பேட்டரியா என்று திரும்பிவிட்டேன். எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள் என்கிற மிதப்பும் கொஞ்சம் இருந்தது. படிப்பு முடிந்து பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. சர்வீஸ் சென்டரைக் குறை சொல்கிறேனே, நானும் அவர் சொன்னதைத்தானே நம்பினேன்? பேட்டரி என்று காதில் விழுந்த பிறகு வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

முதல் ஞாயிறு. பேட்டரி உறையில் மூன்று திருகு. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இதற்கு உதவாது. ஆறிதழ்ப் பூ மாதிரி முனை வேண்டும். டார்க்ஸ் டி10 என்று கேட்டால் கொடுப்பார்கள். துளை ஆழமாக இருப்பதால் கம்பி குறைந்தது ஐந்து சென்டிமீட்டராவது நீளமாக இருக்க வேண்டும். கைபேசி பழுதுபார்க்கிற குட்டி செட்டில் முனை இருக்கிறது, நீளம் இல்லை. 120 ரூபாய்க்குத் தனியாக ஒன்று வாங்கினேன். இரண்டு திருகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவது எங்கே என்று தெரியாமல் நெம்பியதில் உறையின் ஒரு ஓரம் விரிசல் விட்டது. அப்புறம்தான் எச்சரிக்கை ஸ்டிக்கரை நகத்தால் தடவிப் பார்த்தேன். நடுவில் ஒரு இடம் அமுங்கியது. அதற்கு அடியில் இருந்தது மூன்றாவது திருகு.

உள்ளே ஆறு செல், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. 18650 என்பார்கள்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாக நிக்கல் பட்டையால் இணைத்து, மேலே ஒரு பச்சை போர்டு. முழுக்க சார்ஜ் ஏறினால் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், ஆறுக்கும் சேர்த்து 25.2 வர வேண்டும்.

மல்டிமீட்டரை எடுத்து அதன் ப்ரோப் ஊசிகளைப் பேட்டரி முனைகளில் வைத்தேன். டப்பென்று ஒரு பொறி. ப்ரோப்பின் முனை உருகி உருண்டை கட்டிவிட்டது. முந்தின தடவை இன்வெர்ட்டர் பார்த்தபோது சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகியிருக்கிறேன். அதை மாற்றாமலே வோல்ட் பார்க்கக் கிளம்பினால் பேட்டரியை நேரே ஷார்ட் செய்வதற்குச் சமம்.

"ஏத்தா, அதென்ன டப்புன்னு சத்தம்?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததுக்கா கை இப்பிடி நடுங்குது?"

ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு, வயரை மாற்றிச் சொருகி, மறுபடி உட்கார்ந்தேன். மொத்தம் 24.1. செல் செல்லாகப் பார்த்தால் 4.15, 4.16, 4.14, 4.15, 4.16, கடைசியில் 3.38. அந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. குற்றவாளி பிடிபட்டான் என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். உண்மையில் அவன் பாதிக் குற்றவாளிதான்.

அந்தச் செல் ஏன் சீக்கிரம் செத்தது என்பதற்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது. சார்ஜ் போடுகிற கொக்கியை நாங்கள் மாட்டியிருந்தது அடுக்களையின் மேற்குச் சுவரில். மதியத்துக்கு மேல் வெயில் முழுக்க அந்தச் சுவரில்தான். சித்திரை, வைகாசியில் தொட்டால் கை சுடும். இந்தப் பக்கம் அடுப்பு. வேலை முடிந்த கையோடு சூடாக இருக்கும்போதே கொண்டுபோய் மாட்டி, ராத்திரி பகல் சார்ஜிலேயே விட்டுவிடுவோம். லித்தியம் செல்லுக்குச் சூடும் ஆகாது, எந்நேரமும் வயிறு நிறைய இருப்பதும் ஆகாது. இரண்டையும் மூன்று வருஷம் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

ஒன்றை மட்டும் மாற்றினால் பழசும் புதுசும் ஒத்துப்போகாது, ஆறையும் மாற்றுவதுதான் முறை. பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் செல் ஒன்று 130 ரூபாய். மேலே 9900 எம்ஏஹெச் (எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்கிற அளவு) என்று பெரிதாக அச்சடித்திருந்தது. பழைய செல்லில் இருந்ததோ 2500. நாலு மடங்கு சக்தி, விலையும் மலிவு என்று ஆறையும் 780 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, நிக்கல் பட்டை வெல்டிங் வைக்க டவுன்ஹால் ரோட்டில் லேப்டாப் பேட்டரி பார்க்கிற ஒரு மாடிக்கடைக்கு ஏறினேன்.

கடைக்காரர் ஒரு செல்லைக் கையில் வாங்கி, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"அக்கா, இத எங்க வாங்குனீங்க?"

சொன்னேன்.

"வெயிட்டே இல்லையேக்கா. உள்ள என்னத்தப் போட்டு வச்சிருக்காய்ங்களோ. இந்த சைஸ்ல 9900 எல்லாம் வரவே வராது. இத வச்சு மோட்டார் ஓட்டுனா பத்து நாள் தாங்காது."

வீட்டுக்கு வந்து சமையல் தராசில் வைத்தேன். பழைய செல் 46 கிராம். புதுசு 33. 18650 அளவில் நல்ல செல் என்றால் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். எம்ஏஹெச் 2000-த்திலிருந்து 3500 வரைக்கும் எழுதியிருந்தால் நம்பலாம். வாங்குகிறபோது கையில் தராசு இல்லையென்றாலும் பழைய செல் ஒன்றை எடுத்துப் போனால் போதும்; இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக வைத்தாலே வித்தியாசம் தெரியும். கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். 780 ரூபாய் தண்டம். அவற்றில் இரண்டு இப்போது அத்தையின் டார்ச் லைட்டில் இருக்கின்றன.

வாக்குவத்துக்கு வாங்குகிற செல்லில் எம்ஏஹெச்சைவிட முக்கியம், ஒரே நேரத்தில் எவ்வளவு ஆம்பியர் கொடுக்கும் என்பது. 150 வாட்டை 21.6-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7 ஆம்பியர். டார்ச், பவர் பேங்க் செல் அதைத் தாங்காது. 2500 எம்ஏஹெச், 20 ஆம்பியர் என்று போட்ட செல்லை ஒன்று 380 வீதம் ஆறு வரவழைத்தேன், 2,280 ரூபாய்.

இரண்டாவது ஞாயிறு. பழைய செல்களைப் பிரிப்பதற்கு முன்னால் போர்டிலிருந்து எந்த வயர் எந்தப் பட்டைக்குப் போகிறது என்று நாலு பக்கமும் படம் எடுத்து வைத்தேன். இந்த முழுக் கதையிலும் நான் புத்திசாலித்தனமாகச் செய்த ஒரே காரியம் இதுதான். மாடிக்கடையில் 0.15 மில்லிமீட்டர் நிக்கல் பட்டை வைத்து வெல்டிங் செய்துகொடுத்தார். முந்நூறு ரூபாய். "நானே சாலிடர் வச்சிருக்கலாமோ?" என்று கேட்டதற்கு, "வேணாங்கா, சூடு உள்ள எறங்கிரும். செல்லு ஊதிக்கும்" என்றார். வேடிக்கை பார்த்தேன். இரண்டு செம்பு முனையை வைத்துக் காலால் பெடலை மிதிக்கிறார், 'டிக்' என்று ஒரு பொட்டு. கண் மூடித் திறப்பதற்குள் ஆறிவிடுகிறது. பழைய ஆறு செல்லையும் முனைகளில் டேப் ஒட்டி அவரிடமே விட்டு வந்தேன். குப்பைத்தொட்டியில் போடக்கூடாத சாமான் அது.

வீட்டில் உறைக்குள் உட்காரவைத்து, மூன்று திருகையும் முடுக்கி, முழு சார்ஜ். மீட்டரில் 25.1. மேல் வேகத்தில் வைத்து ஓட்டினேன்.

மூன்று நிமிஷம் பத்து விநாடி. 'வ்வூ... வ்வூ...' சிவப்பு விளக்கு மூன்று தடவை. நின்றுவிட்டது.

திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன். 3,360 ரூபாய்க்குப் பேட்டரி வேலை பார்த்திருக்கிறேன். 440 சேர்த்தால் வாரன்ட்டியோடு கம்பெனிப் பேட்டரியே வந்திருக்கும். ஆனால் ஒரு சமாதானம், அதைப் போட்டிருந்தாலும் இதே மூன்று நிமிஷம்தான்.

விடை கிடைத்தது மறதியால். எரிச்சலில் குப்பியைக் கழற்றிக் கொட்டிவிட்டுத் திரும்ப மாட்டும்போது மேலே உட்காருகிற ஃபில்டரை வைக்க மறந்துபோனேன். பட்டனை அழுத்தினால் சத்தமே வேறு. இத்தனை நாள் கீச்சென்று கத்தியது, இப்போது அடித்தொண்டையில் உறுமியது. விட்டு விட்டு இழுக்கவும் இல்லை. சட்டென்று நிறுத்திவிட்டேன், ஏனென்றால் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் தூசி நேரே மோட்டாருக்குப் போகும். ஐந்து விநாடிகூட ஓடியிருக்காது. காசு செலவில்லாத இந்த ஐந்து விநாடிச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

சின்ன மோட்டாரைக் குளிரவைப்பதே அது உறிஞ்சுகிற காற்றுதான். வழி அடைத்தால் காற்று வராது, சூடேறும், உள்ளே இருக்கிற காவல் சர்க்யூட் நிறுத்திவிடும். பத்து நிமிஷம் ஆறவிட்டால் ஏன் மறுபடி ஓடியது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது ஞாயிறு முழுக்கச் சுத்தம் செய்வதிலேயே போனது. மொட்டைமாடியில் பழைய தினத்தாளை விரித்து, பாகம் பாகமாகப் பிரித்தேன். குப்பிக்கு நடுவில் ஒரு கூம்பு, அதைச் சுற்றி மெல்லிய சல்லடை. சல்லடையைத் தனியாகத் திருகி எடுக்க முடியும் என்பது மூன்று வருஷத்தில் எனக்குத் தெரியாது. எடுத்தால், உள்பக்கம் முழுக்க ஒட்டிக்கொண்டு ஒரு சாம்பல் நிறப் படலம். ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் அப்பளம் மாதிரி முழுசாக உரிந்து வந்தது. இரண்டு விரலால் பிரித்துப் பார்த்தேன். பளபளவென்று வெள்ளை இழை.

இலவம் பஞ்சு.

அழகர் ஆற்றில் இறங்குகிறதைப் பார்க்க விருந்தாளிகள் வருகிறார்கள் என்று, போடியிலிருந்து வந்த பஞ்சை வைத்து அத்தை பழைய தலையணைகளுக்குப் புதுசாகப் பஞ்சு அடைத்தார். ஹால் முழுக்கப் பறந்த பஞ்சை நான்தான் உறிஞ்சியால் எடுத்தேன். எவ்வளவு சுலபமாகப் போச்சு என்று மெச்சிக்கொண்டது வேறு ஞாபகம் இருக்கிறது. நோய் தொடங்கியது அதற்கு மறுநாள். இலவம் இழை எடையே இல்லாதது. குப்பிக்குள் சுழலும் காற்று கனமான தூசியைத்தான் ஓரத்துக்கு வீசி எறியும். இது வீசப்படாமல் காற்றோடு போய்ச் சல்லடையில் படுத்துக்கொண்டது. அதன்மேல் கோலப்பொடி. இப்போது நாம் பெரும்பாலும் போடுவது அரிசி மாவு கிடையாது, அரைத்த வெள்ளைக் கல். கல்பொடி பஞ்சில் படிந்தால் சிமென்ட் பூசின மாதிரிதான்.

கரண்டில் ஓடுகிற, நிற்கவைத்துத் தள்ளுகிற வாக்குவத்தை முதலில் செய்தவர் அமெரிக்காவில் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் ஸ்பேங்ளர். ஆஸ்துமாக்காரர். ஃபேன் மோட்டார், சோப்புப் பெட்டி, துடைப்பக் கழி, தூசி சேர ஒரு தலையணை உறை, இவ்வளவுதான் அவர் சாமான். 1908-இல் காப்புரிமை வாங்கினார். அவர் தலையணை உறையில் தூசியைப் பிடித்தார். நான் தலையணைக்குள் இருந்ததையே வாக்குவத்துக்குள் அடைத்திருக்கிறேன்.

அடுத்தது ஃபில்டர். மாதம் ஒருமுறை கழுவச் சொல்லியிருந்தார்கள்; கழுவினேன். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடச் சொல்லியிருந்தார்கள், அதைச் செய்யவில்லை. காலையில் கழுவி மதியம் மாட்டிவிடுவேன். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், மடிப்புக்குள் ஈரம் நிற்கும். ஈர மடிப்பில் தூசி விழுந்தால் சேறு, மறுநாள் காய்ந்தால் ஓடு. மடிப்பை விரித்தபோது கறுக்முறுக்கென்று உடைந்தது. எடை 41 கிராம். புதிய ஃபில்டர் இரண்டு 499 ரூபாய்க்கு வாங்கி எடை போட்டேன், ஒன்று 22 கிராம். அதாவது கிட்டத்தட்ட தன் எடை அளவுக்கு மண்ணைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறது. இப்போது ஒன்று மாட்டினால் ஒன்று காயும்.

பிரஷ் உருளையைத் தொடாமல் விட்டிருக்கலாம். கையோடு கையாகப் பார்த்துவிடலாம் என்று கழற்றினேன். ஓரத்தில் சுற்றியிருந்ததைத் தையல் பிரிக்கிற ஊசியால் கீறிக் கீறி எடுத்தேன். கத்தரிக்கோல் உள்ளே போகாது. முடி இருக்கும் என்று தெரியும். முடிக்கு நடுவே காய்ந்த கயிறு மாதிரி ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தது. வாழைநார். வெள்ளிக்கிழமை வாங்குகிற மல்லிகைச் சரத்தின் நார். வாடிய சரத்தை உதறும்போது துண்டு துண்டாகக் கீழே விழும். தண்ணீரில் நனைத்துப் பூக்கட்டுகிற நார் எவ்வளவு உறுதியானது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது அச்சில் இறுகி, உரசி, சூடாகி, ஓரத்துப் பிளாஸ்டிக் குழியையே உருக்கியிருந்தது. பேரிங் ஆடியது. முடியும் நாரும் ஜரிகை நூலுமாகச் சேர்த்து எடுத்தது 14 கிராம்.

பேரிங்கை வெர்னியரில் அளந்தேன்: உள்ளே 5, வெளியே 16, அகலம் 5 மில்லிமீட்டர். இதற்கு 625 என்று எண். வெளி வீதியில் ஒரு பேரிங் கடையில் 45 ரூபாய். உருகின குழி லூசாக இருந்ததால் ஓரத்தில் ஃபெவிகுவிக் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு பேரிங்குக்குள் ஓடிவிட்டது. ஒரு நிமிஷத்தில் கல். மறுபடி பஸ் ஏறி, மறுபடி 45. கடைக்காரர் "ரெண்டு வேணும்னா அப்பவே வாங்கியிருக்கலாமேம்மா" என்றார். பதில் சொல்லவில்லை. இரண்டாவது பேரிங்கின் வெளிவட்டத்தில் குழாய்க்காரர்கள் சுற்றுகிற வெள்ளை டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி அழுத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பசை தேவையே இல்லை.

இத்தனை பிரித்தபிறகு இந்த மெலிசு சாதனத்தைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்துவிட்டது. எடையைக் குறைக்க எதையெல்லாம் சின்னதாக்கினார்களோ, அதையெல்லாம் அடிக்கடி நாம்தான் கவனிக்க வேண்டும். அரை லிட்டர் குப்பி என்றால் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பெருக்கலில் இரண்டு தடவை கொட்ட வேண்டும். தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தபோது நாலு தடவை. ஃபில்டர் உள்ளங்கை அளவு. அடைக்க ஒரு தலையணை போதும்.

எடை விஷயத்திலும் விளம்பரம் சொல்வது பாதிதான். திருமங்கலத்தில் என் தங்கை வீட்டில் இருப்பதும் நிற்கவைத்துத் தள்ளுவதுதான், ஆனால் வயர் உள்ளது, 600 வாட், மோட்டார் கீழே பிரஷ்ஷுக்குப் பக்கத்தில். போன வாரம் ஊருக்குப் போகிறபோது பெட்டியை நிறுக்கிற தொங்குதராசை எடுத்துக்கொண்டு போனேன். "வாக்குவத்த நிறுக்கவா பஸ் ஏறி வந்த?" என்று சிரித்தாள். முழுசாகத் தூக்கினால் என்னுடையது 2 கிலோ 450, அவளுடையது 4 கிலோ 300. ஆனால் பெருக்குகிற சாய்வில், பிரஷ் தரையில் இருக்க, கைப்பிடியில் தராசை மாட்டிப் பார்த்தால் கதை தலைகீழ்: என்னுடையதில் 900 கிராம், அவளுடையதில் 600. என்னுடையதில் மோட்டார், பேட்டரி, குப்பி எல்லாம் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருப்பதால் பாரம் மணிக்கட்டில் விழுகிறது. அவளுடையதில் தரை சுமக்கிறது. அத்தை பத்து நிமிஷத்தில் கை வலிக்கிறது என்று சொன்னதை நான் சாக்கு என்று நினைத்திருந்தேன்.

அவளுடையது தானாக நிற்கும். என்னுடையதைச் சுவரில் சாய்த்து வைத்தால் சரிந்து விழும். அப்படி விழுந்ததில் குப்பியின் கொக்கி உடைந்து, இப்போது இரண்டு ரப்பர் பேண்டில் ஓடுகிறது. அவளுடையது நேரம் பார்க்காமல் ஓடும், இழுப்பும் கடைசி வரை ஒரே மாதிரி. ஆனால் ஐந்து மீட்டர் வயர் ஹாலைத் தாண்டாது. அத்தையின் கட்டிலுக்கு அடியில் 18 சென்டிமீட்டர் இடைவெளி. என்னுடையது கழியோடு தரையில் படுத்துக்கொண்டு சுவர் வரைக்கும் போகும். அவளுடையதன் மோட்டார் வயிறு கட்டில் சட்டத்தில் முட்டி நிற்கும். மாடிப்படிக்கும், ஒரு கையால் தூக்கி ஃபேன் இறக்கை, பீரோ மேல், ஜன்னல் கொசுவலை எல்லாம் துடைக்கவும் என்னுடையதை அடித்துக்கொள்ள முடியாது. பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் நிறுத்துகிற நாளிலும் ஓடுகிறது.

இரண்டுமே உதவாத இடங்கள் உண்டு. சிந்தின துவரம்பருப்பை என்னுடைய பிரஷ் பின்பக்கமாகச் சிதறடிக்கிறது, கணுக்காலில் சுளீரென்று படும். கோரைப்பாயில் ஓட்டினால் ஓரக் கோரை பிய்கிறது. சாமி அறை விபூதி, கோலப்பொடி, பஞ்சு மூன்றும் இனி உறிஞ்சிக்குக் கிடையாது.

மொத்தச் செலவு கணக்குப் பார்த்தால்: திருப்புளி 120, ஏமாந்த செல் 780, நல்ல செல் 2,280, வெல்டிங் 300, ஃபில்டர் 499, பேரிங் இரண்டு 90. ஆக 4,069. பஸ் கட்டணம் சேர்க்கவில்லை, மீட்டருக்குப் புது ப்ரோப்பும் இன்னும் வாங்கவில்லை. அந்த ஐந்து விநாடிச் சோதனையோடு தொடங்கியிருந்தால் 499-க்கும் 45-க்கும் வேலை முடிந்திருக்கும். ஒரு செல் பலவீனம்தான், இருந்தாலும் மேல் வேகத்தில் ஏழெட்டு நிமிஷமாவது ஓடியிருக்கும் என்றே நினைக்கிறேன். தீபாவளி வரைக்கும் அதை வைத்தே ஓட்டியிருக்கலாம்.

சார்ஜ் கொக்கியை வடக்கு அறைச் சுவருக்கு மாற்றிவிட்டேன். 6 மில்லிமீட்டர் துளை இரண்டு. அடுக்களைச் சுவரில் பழைய துளைகள் அப்படியே இருக்கின்றன, வெள்ளை சிமென்ட் வாங்க வேண்டும். வேலை முடிந்து அரை மணி ஆறவிட்டு, ஏறினதும் ஸ்விட்சை அணைப்பது என்று ஏற்பாடு.

நேற்று பதினெட்டு நிமிஷம் ஓடி முடித்ததைப் பெருமையாகச் சொல்லப் போனேன். அத்தை ஹால் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு துணிப்பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சுத்தா. இன்னும் ரெண்டு தலகாணிக்குப் பஞ்சு மிச்சம் இருக்கு. அந்த உறிஞ்சிய இங்கிட்டுக் கொண்டா."

உறிஞ்சியை வடக்கு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பழைய சேலையை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தேன்.